சங்குத் தலையும் சந்தை விலையும்

பழையதாகிவிட்டாலே விலை ஏறிவிடும் என்று நம்பிச் சேகரிப்பு வணிகத்தில் இறங்குவோர் முதலில் திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளைப் பார்க்க வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் முதல் தலைகளை 1888-இல் வெளியிட்டது: நடுவில் சங்கு, மதிப்பு 1, 2, 4 சக்கரம். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். அதே சங்கு பல பத்தாண்டுகள் அச்சாகிக்கொண்டே இருந்ததால், நூறாண்டு கடந்த சாதாரணச் சங்குத் தலைகூட இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. அமெரிக்காவில் 1909-க்கும் 1911-க்கும் இடையே சிகரெட் பெட்டியோடு வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனதும் வயதினால் அன்று; அதன் அச்சு சீக்கிரமே நிறுத்தப்பட்டதால்தான். அதே வரிசையில் வந்த மற்ற வீரர்களின் அட்டைகளுக்கும் அதே வயதுதான்.

அப்படியானால் லாபம் எங்கே இருக்கிறது? எல்லோரும் தூக்கி எறிந்ததில். 1939-இல் வந்த படத்தலைகளில் 7 சக்கரத்துக்குக் கன்னியாகுமரியும் 14 சக்கரத்துக்குப் பேச்சிப்பாறை அணையும் இடம்பெற்றன. அரை ரூபாய்த் தலையைச் சாதாரணக் கடிதத்தில் யார் ஒட்டுவார்கள்? கனத்த உறைகளுக்குத்தான் அது தேவைப்பட்டது. அந்த உறைகளோ பிரித்ததும் குப்பைக்குப் போயின. தப்பியவற்றிலும் தலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு உறையை வீசினார்கள் அக்காலச் சேகரிப்பாளர்கள். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. தக்கலையிலோ குளச்சலிலோ முத்திரை குத்தப்பட்ட முழு உறை, எந்த ஊர் எந்த ஊரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதற்கான ஆவணம். கத்தரித்த தலை படம் மட்டுமே.

வரலாற்றைக் காசாக்குவது தவறு, இவை அருங்காட்சியகத்துக்கே உரியவை என்பார்கள். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் சாதாரணக் குடும்பத்தின் கடித உறையை எந்த அருங்காட்சியகமும் தேடி வந்ததில்லை. விலை உண்டு என்று தெரிந்த பிறகுதான் அது பழைய காகிதக்காரரின் தராசிலிருந்து தப்பியது. விலை ஏறினால் போலியும் பெருகும் என்ற வாதம் இன்னும் வலுவானது. 1949-இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தபின் சக்கரத் தலைகளின்மேல் அணா மதிப்பை மேலச்சிட்டார்கள். அவசரத்தில் சில தலைகீழாக விழுந்தன. இந்தப் பிழைத்தலைகளுக்குத் தனி விலை உண்டு, போலியாக மேலச்சிடுவதும் எளிது. ஆகவே வாங்குபவர் தனித்தலையைவிட உறையை நாடுவதே நல்லது. 1951 ஏப்ரல் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியின் அஞ்சல் துறை இந்தியத் தபாலோடு கலந்துவிட்டது; அதற்குப் பிந்தைய தேதியில் அந்தத் துறையின் முத்திரை தென்பட்டால் உடனே சந்தேகம் வரும். தலையிலும் உறையிலுமாக விழுந்த முத்திரை, கட்டணம், தேதி, ஊர் ஆகிய எல்லாமே ஒன்றோடொன்று பொருந்தும்படி போலி செய்வது கடினம்.