கல்லில் எழுதிய சாட்சி

சொல்லுக்கு விலங்கிடும் அரசுகள் சித்திரத்திற்கும் அஞ்சுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் வாழ்ந்த ஓவியர் ஒனோரே தோமியேவின் (1808–1879) வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1830ஆம் ஆண்டுப் புரட்சியால் அரியணை ஏறிய லூயி பிலிப், தணிக்கை இனி ஒருபோதும் மீளாது எனக் கூறும் சாசனத்தை ஏற்றார். ஆயினும், ஏழைகளின் காசை விழுங்கும் பெருவாயனாக மன்னரை வரைந்த தோமியேவுக்கு 1832இல் ஆறு திங்கள் சிறையும் 500 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன.

இதழ்கள் மீது தண்டங்கள் குவியவே, இதழாசிரியர் சார்ல் பிலிப்போன் ஒரு வழி கண்டார். உறுப்பினர்க்குத் திங்கள்தோறும் பெரிய கல்லச்சுச் சித்திரம் ஒன்றை வழங்கி, கிடைத்த பணத்தால் தண்டங்களைச் செலுத்த முனைந்தார். அவ்வரிசையில் 1834இல் தோமியே வரைந்த ஒரு சித்திரத்தில், அச்சுத்தொழிலாளி ஒருவன் கை முட்டிகளை இறுக்கி, காலூன்றி நிற்கிறான். அவன் காலடி மண்ணில் 'பத்திரிகைச் சுதந்திரம்' எனப் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னர்கள் அவன் பின்னே சிறுத்துத் தோன்றுகின்றனர்.

அவ்வாண்டு ஏப்ரலில், பாரிசின் திரான்ஸ்நோனேன் தெருவில், கலகத்தை அடக்க வந்த படையினர் ஒரு வீட்டினுள் புகுந்து அங்கு வாழ்ந்தோரைக் கொன்றனர். தோமியே அதனையும் வரைந்தார். அப்படத்தில் கேலி இல்லை. படைவீரர் எவரும் இல்லை. இரவு உடையில் வீழ்ந்து கிடக்கும் ஒருவர். அவர் உடலின் கீழ் ஒரு குழந்தை. அருகே ஒரு பெண், ஒரு முதியவர். காவலர் அச்சுக் கல்லையும் படிகளையும் பறிமுதல் செய்தனர்.

1835இல் சித்திரத்திற்கு முன்தணிக்கை வந்தது. சாசனம் கருத்துக்கே உரிமை தந்தது. சித்திரமோ கருத்தன்று, செயல் என அரசு வாதிட்டது. எழுத்தறியாதவனும் சித்திரத்தைப் படிப்பான் அன்றோ! 1848ஆம் ஆண்டுப் புரட்சி நீக்கிய அத்தணிக்கை 1852இல் மீண்டது.

1870இல் பிரசியாவுடன் மூண்ட போரில் பேரரசு வீழ, தணிக்கையும் தளர்ந்தது. முதுமையுற்ற தோமியே போரின் விளைவை வரைந்தார். '1871' என்னும் கருப்புடைப் பெண், முந்தைய ஆண்டு விட்டுச்சென்ற பிணக்களத்தைக் காணப் பொறாது முகத்தை மூடிக்கொள்கிறாள். 'அமைதி' எனத் தலைப்பிட்ட படத்திலோ எலும்புக்கூடு ஒன்று குழல் ஊதுகிறது.

ஒரு வீட்டின் பிணங்களைக் காட்டிய கையே ஒரு நாட்டின் பிணங்களையும் காட்டியது. கண்டதைக் காட்டும் உரிமை இல்லாத நாட்டில் போரை எதிர்க்கும் குரலும் எழ இயலாது. பத்திரிகை உரிமையும் போரெதிர்ப்பும் தோமியேவுக்கு ஒரே கடமையாயின.

பிரான்சில் சித்திரத் தணிக்கை முற்றாக ஒழிந்தது 1881இல். தோமியே மறைந்து அப்போது ஈராண்டுகள் ஆகியிருந்தன.