பெரியவர்களின் கோபமும் மறதியும்: முதலில் காதைச் சோதிப்போம்

கேட்டதற்கு வேறு பதில், எரிச்சல், ஜமாஅத்தார் கூடும் இடத்தில் ஒதுங்கி இருப்பது. உடனே "அத்தாவுக்கு மறதி வந்துவிட்டது" என்கிறோம். பல நேரம் குறை காதில் இருக்கும்.

கொடைக்கானல், பழனி மலைப் பகுதியில் இதைக் கவனிக்காமல் விடுவது எளிது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும்போது காற்றழுத்தம் மாறி யாருக்கும் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் பெரும்பாலும் சரியாகும். முதுமையில் கேட்கும் திறன் குறைவது வேறு. உட்காதின் நுண்ணிய செல்கள் பழுதாகி, மெல்ல மெல்லக் கூடும், தானாகச் சரியாகாது.

கேட்காதவர் பேச்சைக் குறைக்கிறார், தனிமைப்படுகிறார். மூளைக்கும் வேலை குறைகிறது. தடுக்க வாய்ப்புள்ள 14 மறதிநோய்க் காரணிகளில் ஒன்றாகச் செவித்திறன் குறைவை 2024இல் லான்செட் ஆணையம் குறிப்பிட்டது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், செவிக்கருவியால் எல்லோருக்கும் பலன் தெரியவில்லை. ஆபத்து கூடுதலாக உள்ள முதியோரிடம் மட்டும் 3 ஆண்டுகளில் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது.

எனவே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுவோம். சிலருக்குக் குறும்பியை அகற்றினாலே போதும்; வீட்டில் குச்சி விட வேண்டாம். திடீரெனக் கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காது நன்றாக இருந்தும் மறதி தொடர்ந்தால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தோருக்கு, 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் செவிக்கருவி இலவசம்.

முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவோம், கத்த வேண்டாம். முதுமையடைந்த பெற்றோரிடம் கண்ணியமாகப் பேசுவது அல்லாஹ் நம்மீது விதித்த கடமை.