கரடிக்குள் ஒரு ஆடு: துணிப் பொம்மைகளின் துணிக்கதை

பொம்மைக் கடையில் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்? கண் அழகாக இருக்கிறதா, மூக்கு கோணலா, விலை எவ்வளவு. துணியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. குழந்தை தொடுவது துணியை. கன்னத்தில் தேய்த்துக்கொண்டு தூங்குவது துணியை. வாயில் வைத்துச் சப்புவதும் அதையேதான். பொம்மை செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தலையைப் பிய்த்துக்கொண்டதும் இந்த ஒரு கேள்வியில்தான்: எந்தத் துணி?

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் உபயோகமான விஷயமும் இருக்கிறது.

முதலில் கந்தல்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்தில் கிடைத்த ஒரு துணிப் பொம்மை இருக்கிறது. ரோமானியர் ஆட்சிக் காலத்தது, கி.பி. 1 முதல் 5-ஆம் நூற்றாண்டுக்குள் செய்யப்பட்டது என்கிறார்கள். மேலே லினன் துணி, உள்ளே கிழிசல் துணியும் பப்பிரஸ் துண்டுகளும். எகிப்தின் வறண்ட மணல் அதை நமக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் எந்தத் துணி அத்தனை நாள் தாங்கும்? அதனால் நம் பாட்டிகளின் பாட்டிகள் செய்த துணிப் பொம்மைகளுக்குச் சாட்சியம் இல்லை. மரத்தால் செய்த மரப்பாச்சி தப்பித்தது, அவ்வளவுதான்.

பல நூற்றாண்டுகளுக்கு இதுதான் நிலைமை. பொம்மைக்கென்று யாரும் துணி வாங்கவில்லை. உடுத்திக் கிழிந்தது பொம்மையாயிற்று. துணியைத் 'தேர்ந்தெடுக்கும்' கதை தொடங்குவது 1880-இல், ஜெர்மனியில்.

ஃபெல்ட் யானை

கீங்கன் என்ற சிற்றூரில் 1847-இல் பிறந்தவர் மார்கரெட்டே ஸ்டைஃப். ஒன்றரை வயதில் போலியோ தாக்கியது. கால்கள் முடங்கின, வலது கையும் சரியாக இயங்காது. வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான். ஆனாலும் தையல் கற்றார். தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலது கையால் சுற்ற முடியாததால், இயந்திரத்தையே முன்பின்னாகத் திருப்பிப் போட்டு இடது கையால் சுற்றினார். 1877-இல் ஃபெல்ட் துணியில் ஆயத்த உடைகள் செய்து விற்க ஆரம்பித்தார். ஃபெல்ட் ஏன்? அதே ஊரில் உறவினர் ஒருவரின் ஃபெல்ட் ஆலை இருந்தது.

1880-இல் ஒரு பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து ஃபெல்ட்டில் சின்ன யானை தைத்தார். பொம்மையாக அல்ல, தையற்காரர்கள் ஊசி குத்தி வைக்கும் மெத்தையாக. குழந்தைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டன :-) ஆறே வருடத்தில் ஐயாயிரம் யானைகளுக்கு மேல் விற்றன.

இங்கேதான் துணியின் மகிமையைப் பார்க்க வேண்டும். ஃபெல்ட் நெய்த துணி அல்ல. அதில் பாவு, ஊடை எதுவும் கிடையாது. கம்பளி மயிரைச் சூட்டிலும் ஈரத்திலும் போட்டு அழுத்தினால், மயிரின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தகடு மாதிரி ஆகிவிடும். இழையே இல்லாததால் வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம், எந்தத் திசையிலும் வெட்டலாம். யானையின் காது, துதிக்கை போன்ற சின்னத் துண்டுகளுக்கு இதைவிட வசதி கிடையாது. குறைகளும் உண்டு. துவைத்தால் சுருங்கும், பூச்சி அரிக்கும், முக்கியமாக... கட்டிப்பிடிக்க மிருதுவாக இருக்காது.

கரடிக்கு ஆட்டு ரோமம்

மார்கரெட்டேயின் தம்பி மகன் ரிச்சர்ட் 1902-இல் கை, கால், தலை அசையும் ஒரு கரடியை வடிவமைத்தார். அதன் பெயர் 55 பி.பி. 55 என்பது சென்டிமீட்டரில் அளவு. முதல் 'பி' பிளஷ், இரண்டாவது 'பி' அசையக்கூடியது என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அதாவது பொம்மையின் பெயரிலேயே துணியின் பெயர் ஏறிவிட்டது! 1903 லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அமெரிக்காவில் அப்போதுதான் அதிபர் தியோடர் 'டெடி' ரூஸ்வெல்ட் வேட்டையில் கரடியைச் சுட மறுத்த கார்ட்டூன் வந்து, புரூக்ளினில் மோரிஸ் மிக்டம் தம்பதியினர் 'டெடி' கரடி செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1907-இல் ஸ்டைஃப் கம்பெனி மட்டும் 9,74,000 கரடிகள் செய்தது.

அந்த பிளஷ் எதிலிருந்து வந்தது? மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் ரோமம். அங்கோரா என்பது இன்றைய துருக்கியின் அங்காரா. 1838-இல் இந்த ஆடுகள் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறின. இனம் வெளியே பரவக்கூடாது என்று கிடாக்களை மலடாக்கி அனுப்பினார்களாம். ஆனால் கூட வந்த ஒரே பெண் ஆடு வழியில் கிடாக்குட்டி ஈன்றுவிட்டது என்பார்கள். இன்றைக்கு உலகில் மோஹேர் அதிகம் விளைவது தென்னாப்பிரிக்காவில்தான்.

மோஹேர் பளபளக்கும், நீளமாக இருக்கும், அழுத்தினாலும் நிமிர்ந்துகொள்ளும். அதைப் பருத்திப் பாவில் நெய்வார்கள். எதிரெதிராக இரண்டு துணிகளை ஒரே நேரத்தில் நெய்து, நடுவே ரோம இழையை ஓடவிட்டு, கத்தியால் நடுவில் அறுத்தால் இரண்டு பிளஷ் துணிகள் தயார். அடித்துணி உறுதியாக இருப்பது அவசியம். ஏனென்றால் அன்று உள்ளே திணித்தது பஞ்சு அல்ல, மரச்சீவல்! அதைக் கெட்டியாக இடித்துத் திணிக்கும்போது லேசான துணி கிழிந்துவிடும். பழைய கரடிகள் கல் மாதிரி இருப்பதன் ரகசியம் இதுதான்.

இலவு காத்த கிளிக்கு வேலை வந்தது

பிறகு இங்கிலாந்துக்காரர்கள் உள்ளே இலவம்பஞ்சை வைக்க ஆரம்பித்தார்கள். கபோக் என்று அவர்கள் சொல்வது நம் போடி, தேனிப் பக்கத்து இலவம்பஞ்சுதான். அந்த நாளில் உலகச் சந்தைக்கு அது பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போயிற்று. இழை உள்ளே குழல் மாதிரி வெற்றாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் எடை இல்லை, தண்ணீரும் சட்டென்று ஏறாது. கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகளிலும் இதைத்தான் அடைத்தார்கள். வழவழப்பாக இருப்பதால் நூலாக நூற்க வராது. இலவு காத்த கிளியை நாம் கேலி செய்கிறோம். அந்தப் பஞ்சு கடல் கடந்து வெள்ளைக்காரக் குழந்தைகளின் கரடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

உள்ளே மிருதுவானதும் வெளித்துணியும் மாறலாயிற்று. கல் மாதிரி திணிக்க வேண்டாம் என்றால் மெல்லிய துணி போதுமே. 1921-இல் கிறிஸ்டோபர் ராபின் மில்னுக்கு முதல் பிறந்தநாள் பரிசாக லண்டன் ஹாரட்ஸ் கடையில் வாங்கிய ஃபார்னெல் கம்பெனிக் கரடிதான் பின்னாளில் 'வின்னி த பூ' ஆயிற்று. நியூயார்க் பொது நூலகத்தில் அதை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

போரும் நோயும்

முதல் உலகப்போர் முடிந்தபோது ஜெர்மனியில் மோஹேர் கிடைக்கவில்லை. ஸ்டைஃப் காகித இழையில் நெய்த பிளஷ்ஷில் கரடி செய்தது. ஆம், காகிதம். கிடைப்பதை வைத்துப் பொம்மை செய்யும் பழைய கந்தல் காலத்துக்கே ஒரு பெரிய கம்பெனி திரும்பிப் போக வேண்டியிருந்தது. 1930-ஐ ஒட்டி செயற்கைப் பட்டு எனப்பட்ட ரேயான் பிளஷ் வந்தது. அழகு, விலை குறைவு, ஆனால் நனைந்தால் பலமில்லை.

நனைவது சின்ன விஷயம் இல்லை. 1922-இல் மார்ஜரி வில்லியம்ஸ் எழுதிய 'வெல்வெட்டீன் ராபிட்' கதையில் சிறுவனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வருகிறது. அவன் கட்டிக்கொண்டு தூங்கிய முயலை எரித்துவிடச் சொல்கிறார் மருத்துவர். மரச்சீவல் அடைத்த பொம்மையைத் துவைக்க முடியாது. துவைக்க முடியாததைக் கிருமிக்குப் பயந்து எரிக்கத்தான் வேண்டும். குழந்தைக்கு உயிரான பொருள், துணி சரியில்லாத காரணத்தால் நெருப்புக்கென்று ஒதுக்கப்பட்டது.

அதற்கு விடை சொன்னவர் பிரிட்டனின் வெண்டி பாஸ்டன். 1948-லேயே பிடுங்க முடியாதபடி திருகிப் பொருத்தும் பிளாஸ்டிக் கண்ணைக் கொண்டுவந்தவர். 1954-இல் துவைக்கும் இயந்திரத்தில் போடக்கூடிய கரடியை அறிமுகப்படுத்தினார். மேலே நைலான், உள்ளே நுரை ரப்பர். பொம்மை வரலாற்றில் ஃபெல்ட் யானைக்கு அடுத்த பெரிய திருப்பம் இதுதான் என்பேன். அழகுக்காக அல்லாமல் குழந்தையின் ஆரோக்கியத்துக்காகத் துணி மாறியது.

அப்புறம் வந்தது அக்ரிலிக், பாலியஸ்டர் யுகம். இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நெய்தவை அல்ல, பின்னியவை. பனியன் துணி மாதிரி இழுத்தால் நீளும் அடித்துணி, அதில் செயற்கை ரோமம். வேகமாகத் தயாராகும், துவைக்கலாம், மலிவு. மட்டமான ரகத்தில் முடி உதிரும், அதிகமாகத் திணித்தால் தையலோரம் வாயைப் பிளக்கும்.

நம் நாட்டில்

இந்தியாவில் கந்தல் பொம்மை சாகவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவில் தையல் மிச்சத் துணிகளைக் கொண்டு பழங்குடிப் பெண், ஆண் உருவங்கள் செய்கிறார்கள். உடை, நகை எல்லாம் பீல் மக்களுடையவை. அந்தக் கலைக்காக ரமேஷ் பர்மார், சாந்தி பர்மார் தம்பதிக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொரு பக்கம், 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. 2020-இல் பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறந்து, 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. ஐ.எஸ். 9873 என்ற அந்தத் தரத்தில் கூர்முனை, உதிரும் பாகம், தீப்பற்றும் தன்மை, ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் எல்லாம் அடங்கும். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.

சரி, நாம் தைத்தால்?

எங்கள் வீட்டுத் தங்கமணி இரண்டு வருடமாகத் தைக்கிறார். இங்கே தில்லியில் எங்கள் அடுக்ககத்தில் எந்தத் தமிழ்க் குடும்பத்தில் குழந்தை பிறந்தாலும் ஒரு யானை போகும். (ஆமாம், யானைதான். ஸ்டைஃப் அம்மையார் வாழ்க!) அதில் கண்டதையும் மேற்படி வரலாற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கைக்குழந்தைக்கு நெருக்கமாக நெய்த பருத்திதான் சிறந்தது. முடி உதிராது, எத்தனை முறையும் துவைக்கலாம். வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே பொத்தான் கண், மணி, ஜரிகை எதுவும் கூடாது. நூலால் கண் தைத்துவிடுங்கள்.

ரோமத் துணிதான் வேண்டுமென்றால் சிறு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் கடைக்காரருக்கே திருப்பிக் கொடுங்கள். ரோமம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அது பொம்மையின் தலையிலிருந்து கால் நோக்கி இருக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து அடித்துணியை மட்டும் கத்தரி நுனியால் வெட்டுங்கள், ரோமம் வெட்டுப்படக் கூடாது. எந்த ரோமத் துணியும் நெருப்பை வேகமாக இழுக்கும். பூஜை விளக்குப் பக்கம் வைக்காதீர்கள்.

உள்ளே அடைக்க? இலவம்பஞ்சு கனமில்லாதது, ஆனால் துவைத்தால் கட்டி தட்டும், நாளானால் தூளாகும். அடிக்கடி துவைக்கும் பொம்மைக்குப் பாலியஸ்டர் பஞ்சு. மூச்சிளைப்பு உள்ள குழந்தை என்றால் பொம்மையின் அளவு சிறியதாகவும் வாராவாரம் துவைக்கக் கூடியதாகவும் இருக்கட்டும்.

கடைசியாக, பெட்டிக்கு அடியில் கிடக்கும் பாட்டியின் பழைய சுங்குடிச் சேலை. உதிர வேண்டிய சாயம் எல்லாம் எப்போதோ உதிர்ந்தாகிவிட்டது, கஞ்சியும் போய்விட்டது. கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத மிருது. நைந்திருப்பது ஒன்றே குறை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணாடி மாதிரி தெரியும் இடத்தைத் தள்ளிவிட்டு, மற்றதை எடுங்கள். உள்ளே ஒரு சுற்று காடாத் துணி கொடுத்துத் தைத்தால் தையல் பிரியாது. ஊரைப் பார்த்திராத பிள்ளைகள் நம்மிடம் வளர்கிறார்கள். பாட்டியை வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள், அதுவும் ரிசர்வேஷன் கிடைத்தால். பாட்டி உடுத்திய துணியில் செய்த யானை கன்னத்தில் படுவது வேறு விஷயம். எகிப்தில் கிழிந்த லினனைச் சுருட்டிப் பொம்மை செய்த அந்த அம்மாவுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பொம்மைகள் எந்தத் துணியில் இருந்தன? ஞாபகம் இருந்தால் சொல்லுங்களேன்.