முதல் விபத்துக்குப் பின் கேட்கப்படும் காப்பீடு: அமெரிக்காவின் எஸ்.ஆர்.22 சான்றிதழ் உருவான வரலாறு

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரும், காப்பீடு இல்லாமல் பிடிபட்டவரும் உரிமத்தை இழந்தால், அபராதம் கட்டித் தடைக்காலத்தைக் கழித்தது மட்டும் போதாது. ‘இவருக்குச் சட்டம் கேட்கும் அளவுக்குக் காப்பீடு இருக்கிறது’ என்று காப்பீட்டு நிறுவனம் மாநில அரசுக்கு எழுதித் தரவேண்டும். அந்தச் சான்றிதழ்தான் எஸ்.ஆர்.22. அது தனியொரு பாலிசி அல்ல. பாலிசி நடப்பில் இருப்பதற்கு நிறுவனம் தரும் உறுதி. பொதுவாக மூன்று ஆண்டுகள் அது தொடரவேண்டும். இடையில் பிரீமியம் தவறினால் நிறுவனம் எஸ்.ஆர்.26 என்ற அறிவிப்பை அனுப்பும். உரிமம் மறுபடியும் முடங்கும்.

எல்லா ஓட்டுநர்களும் காப்பீடு வைத்திருக்கவேண்டும் என்று சட்டமே சொல்லும் காலத்தில், தவறு செய்தவரிடம் மட்டும் தனியாக ஓர் உறுதிப் பத்திரம் கேட்பது ஏன்? விடை 1920களில் நடந்த ஒரு பிணக்கில் இருக்கிறது.

கார்கள் பெருகி விபத்துகளும் பெருகிய அந்தக் காலத்தில் இரண்டு அண்டை மாநிலங்கள் இரண்டு வழிகளைத் தேர்ந்தெடுத்தன. மாசசூசெட்ஸ் 1925இல் கட்டாயக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றி 1927 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்தியது. காப்பீடு இல்லாமல் வண்டியைப் பதிவு செய்யவே முடியாது. அதே 1925இல் கனெக்டிகட் இயற்றிய ‘நிதிப் பொறுப்பு’ச் சட்டமோ, விபத்தில் சிக்கியவரிடமும் குறிப்பிட்ட குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவரிடமும் மட்டுமே, இனி இழப்பீடு தரும் வசதி உண்டு என்பதற்கு ஆதாரம் கேட்டது. காப்பீட்டுத் துறை இந்த இரண்டாம் வழியின் பக்கம் நின்றது. கட்டாயம் என்று வந்துவிட்டால் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கும், யாரையும் தள்ளிவிட முடியாது என்ற அச்சம் அதற்கு இருந்தது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமும் இந்த வழியில் ஒரு மாதிரிச் சட்டத்தை முன்வைத்தது. மாநிலத்துக்கு மாநிலம் அது பரவியது. கட்டாயக் காப்பீட்டில் மாசசூசெட்ஸைப் பின்பற்ற 1956இல் நியூயார்க் முன்வரும்வரை வேறு எந்த மாநிலமும் துணியவில்லை.

இந்த ஏற்பாட்டின் குறை அதன் அடித்தளத்திலேயே இருந்தது. ஆதாரம் கேட்கப்படுவது விபத்துக்குப் பிறகு. அப்படியானால் அந்த முதல் விபத்தில் கால் ஒடிந்தவருக்கு என்ன கிடைக்கும்? ஓட்டியவரிடம் பணம் இல்லையென்றால் ஒன்றுமில்லை. சட்டம் காப்பாற்றியது அடுத்து அடிபடப் போகிறவரை. பணம் தராதவரின் உரிமத்தை முடக்குவது ஓரளவு நெருக்கடி கொடுத்தது. ஆனால் இல்லாதவரிடம் எதை வாங்க முடியும்? கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று 1932இல் வெளியிட்ட அறிக்கை இந்த நிலையை விரிவாக ஆராய்ந்து, தொழிலாளர் இழப்பீட்டைப் போலத் தவறு யாருடையது என்று பாராமல் நிவாரணம் தரும் முறையைப் பரிந்துரைத்தது. அன்று அதற்குச் செவிசாய்த்தவர்கள் குறைவு.

இருந்தாலும் அந்த ஆதாரமாக நிறுவனம் சான்றளித்த பாலிசிக்கு ஒரு தனி வலிமை தரப்பட்டது. அதைப் பாராட்டியே ஆகவேண்டும். சாதாரண பாலிசியில், விபத்தை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று காரணம் காட்டி நிறுவனம் கைவிரிக்கலாம். மாதிரிச் சட்டப்படி, சான்றளித்த பாலிசியில் விபத்து நடந்த கணத்திலேயே நிறுவனத்தின் பொறுப்பு உறுதியாகிவிடும். காப்பீடு எடுத்தவர் நிபந்தனையை மீறியிருந்தாலும் அடிபட்டவருக்குப் பணம் தந்துவிட்டு, பிறகு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளவேண்டியதுதான். ரத்து செய்வதற்கும் அரசுக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தரவேண்டும். இந்தச் சுமையை ஏற்க நிறுவனங்கள் தயங்கியதால், ஆபத்தான ஓட்டுநர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் திட்டம் 1938இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கியது. கலிபோர்னியா அதைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1951இல் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது.

உரிமத்தை எப்படிப் பறிக்கலாம் என்ற கேள்விக்கு 1971இல் வந்த ‘பெல் எதிர் பர்சன்’ தீர்ப்பு முக்கியமானது. ஜார்ஜியாவின் கிராமப்புறத்தில் மூன்று ஊர்களுக்குக் காரில் சென்று ஊழியம் செய்துவந்த பாதிரியார் ஒருவர் அதன் மனுதாரர். 1968 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் வந்து அவருடைய காரின் பக்கவாட்டில் மோதிவிட்டாள். பெற்றோர் 5,000 டாலர் கோரினார்கள். அவருக்குக் காப்பீடு இல்லை. பணத்தைப் பிணையாகக் கட்டு, இல்லையேல் உரிமத்தை ஒப்படை என்றது மாநிலம். தவறு தன்னுடையதல்ல என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவே மறுத்தது. பிழைப்புக்கு உரிமம் இன்றியமையாததாகிவிடுகிறது. இழப்பீட்டுக்கு அவர் பொறுப்பாகக்கூடிய நியாயமான வாய்ப்பு உண்டா என்று விசாரிக்காமல் அதைப் பறிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அடுத்த சில நாட்களில் வந்த ‘பெரஸ் எதிர் கேம்பெல்’ தீர்ப்பு, திவால் சட்டத்தின்படி தீர்ந்துபோன விபத்துக் கடனுக்காக அரிசோனா மாநிலம் உரிமத்தை முடக்கி வைப்பதைச் செல்லாததாக்கியது.

1970களிலிருந்து கட்டாயக் காப்பீடு பெரும்பாலான மாநிலங்களில் வந்தது. எஸ்.ஆர்.22 அப்போதே மறைந்திருக்கலாம். மறையவில்லை, வேலை மாறியது. இழப்பீட்டுக்கு உறுதியாகப் பிறந்த படிவம், குறி வைக்கப்பட்ட ஓட்டுநரைக் கண்காணிக்கும் கருவியாயிற்று. புளோரிடாவும் வர்ஜீனியாவும் குடிபோதைக் குற்றங்களுக்கு, வழக்கமானதைவிட அதிகக் காப்பீட்டுத் தொகை கோரும் எப்.ஆர்.44 என்ற படிவத்தைக் கொண்டுவந்தன. சொந்தமாகக் கார் இல்லாதவரும் உரிமத்தை மீட்க, ‘உரிமையாளர் அல்லாதோர்’ பாலிசி ஒன்றை எடுத்துப் பிரீமியம் கட்டுகிறார்.

படிவத்துக்கான கட்டணம் சிறிதுதான். அந்தப் பெயருடன் ஏறும் பிரீமியமே சுமை. கூலி வேலைக்குக் காரில் போகிறவர் ஒரு தவணை தவறினால் உரிமமும் போகும், வேலையும் போகும். இந்தப் படிவம் இல்லாமலும் காரியம் நடக்கும். பென்சில்வேனியா இதைக் கேட்பதில்லை. நியூயார்க்கும் கேட்பதில்லை, அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசிகளின் நிலவரத்தை மின்னணு முறையில் நேரடியாக மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவித்துவிடுகின்றன, தவறு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே மாதிரியாக.