எண்ணெய் ஒழுகினா டர்போதான் குத்தவாளியா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு என் காரைப் பத்திக் கொஞ்சம் எழுதலாம்னு இருக்கேன். "ஆரம்பிச்சுட்டான்யா"ன்னு ஓடாதீங்க மக்களே. பார்க்கிங்ல சொட்டின எண்ணெயில ஆரம்பிச்சு சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, சுவீடன்னு ஒரு ரவுண்டு போயிட்டு மறுபடி பாடி பக்கம் ஒரு பட்டறைக்கே வந்து சேருவோம்.

என்கிட்ட இருக்குறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டர்போ டீசல் கார். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. ஒரு நாள் காலையில வாட்ச்மேன் தாத்தா கூப்பிட்டு, "தம்பி, உங்க வண்டிக்குக் கீழ கறுப்பா என்னமோ நிக்குது"ன்னாரு. குனிஞ்சு பாத்தா இன்ஜின் ஆயில். வழக்கமா போற மெக்கானிக்கிட்ட விட்டேன். அவர் டார்ச் அடிச்சு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "டர்போ சீல் போச்சு சார். அசெம்பிளியோட மாத்தணும், நாப்பதாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாரு. என் கணக்குல அப்போ இருந்த நாப்பதாயிரம், அப்பாவோட காட்ராக்ட் ஆபரேஷனுக்குன்னு எடுத்து வெச்சது. ரெண்டு நாள் டைம் கேட்டுட்டு வந்துட்டேன்.

நம்ம தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ப்ரோக்ராம் எந்த வரியில விழுந்துதோ அந்த வரியில தப்பு இருக்கணும்னு அவசியம் இல்ல. பத்து ஃபங்ஷனுக்கு முன்னாடி எவனோ பண்ணின வேலையா இருக்கும். காருக்கும் அதே மாதிரி இருக்குமோன்னு ஒரு சந்தேகம். ராத்திரி உக்காந்து டர்போ எப்படி வந்துச்சுன்னு படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, அந்தப் பொருள் மேல நூறு வருஷமா எவ்வளவு பழி விழுந்திருக்குன்னு புரிஞ்சுது.

ஆரம்பிச்சு வெச்சவர் ஆல்ஃப்ரெட் ப்யூக்கி, சுவிஸ் இன்ஜினியர். இன்ஜின் எரிக்கிற எரிபொருள்ல ஒரு பெரிய பங்கு சூடான புகையா வெளிய போயிடுது. அந்தப் புகையை வெச்சு ஒரு சக்கரத்தைச் சுத்தவிட்டு, அதே தண்டோட இன்னொரு முனையில ஒரு சக்கரத்தை மாட்டி, இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளினா என்ன? இதுதான் அவர் யோசனை. 1905ல பேட்டன்ட் வாங்கிட்டாரு. ஆனா அந்தச் சூட்டைத் தாங்குற உலோகம் அப்போ இல்ல. உருப்படியா ஓட இருபது வருஷம் ஆச்சு. 1920கள் நடுவுல ரெண்டு ஜெர்மன் பயணிகள் கப்பலோட பத்து சிலிண்டர் டீசல் இன்ஜின்ல மாட்டினப்போ, 1750 குதிரைசக்தி 2500 ஆயிடுச்சு. இருபது வருஷம் ஒரே ப்ராஜெக்ட்! நமக்கெல்லாம் மூணு மாச டெட்லைனுக்கே கண்ணைக் கட்டுது.

நடுவுல அமெரிக்காவுல இன்னொரு கூத்து. விமானம் மேல ஏற ஏறக் காத்து மெலிஞ்சு இன்ஜின் மூச்சு வாங்கும். ஜெனரல் எலெக்ட்ரிக்ல இருந்த சான்ஃபோர்ட் மாஸ், 1918ல ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில ஏத்தி, கொலராடோவுல 14,000 அடிக்கு மேல இருக்குற பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போயிட்டாரு. கீழ 350 குதிரைசக்தி தந்த இன்ஜின், உச்சியில 230தான் தந்துச்சு. டர்போ மாட்டினதும் 356. மலைமேல கீழ இருந்ததை விட ஜாஸ்தி!

இனி எண்ணெய் மேட்டருக்கு வருவோம். கப்பல்ல இருந்த டர்போ பெருசு. ப்ரௌன் போவெரி கம்பெனி 1940கள்ல கொண்டு வந்த விடிஆர் வரிசையில, தண்டோட ரெண்டு முனையிலயும் பேரிங், அதுக்குன்னு தனியா எண்ணெய். இன்ஜின் எண்ணெய்க்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காருக்கு வரும்போது டர்போ கையில அடங்குற அளவுக்குச் சின்னதாச்சு. பேரிங் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல வந்துடுச்சு. எண்ணெயும் இன்ஜின்கிட்டயே கடன். நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல சுத்துற தண்டு, மெல்லிசான எண்ணெய்ப் படலத்து மேல மிதக்குது. பம்ப்பு தள்ளி விடுற எண்ணெய் மேல இருந்து உள்ள வரும். ஆனா திரும்பிப் போறதுக்குப் பம்ப்பு கிடையாது. தானா கீழ வழிஞ்சு சம்ப்புக்குப் போய்ச் சேரணும். இந்த "தானா"ங்கற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கங்க.

கார்ல டர்போ வந்தது 1962ல. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கார்வேர் மான்ஸா ஸ்பைடர்னு ரெண்டும் சில வார இடைவெளியில வந்துச்சு. ஜெட்ஃபயர்ல 3.5 லிட்டர் அலுமினிய வி8, 215 குதிரைசக்தி. இன்ஜினோட கம்ப்ரெஷன் 10.25, அதோட டர்போவும் சேந்தா எரிபொருள் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு இன்ஜின் தட்டும். அதைத் தடுக்க, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தெளிக்கிற ஏற்பாடு. பேரு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'. ரஜினி படத் தலைப்பு மாதிரி இல்ல? டேங்க் காலியானா ஒரு வால்வு மூடி டர்போவோட அழுத்தத்தைக் குறைச்சிடும்.

நம்ம ஆளுங்களைத் தெரியுமே. வைப்பருக்கே தண்ணி ஊத்த மாட்டோம். அங்கயும் பல பேரு அந்தத் திரவத்தை நிரப்பவே இல்ல. வண்டி இழுக்கல, டர்போ சரியில்லன்னு புகார். கடைசியில 1965ல கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டுச் சாதா கார்புரேட்டர் மாட்டித் தர ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு வருஷத்துல செஞ்சதே 9,607 கார்தான். அதுல டர்போவோட தப்பிச்சது கொஞ்சம். காலியா இருந்தது டேங்க். கழட்டினது டர்போவை.

அப்புறம் ரொம்ப நாள் கார் கம்பெனிங்க அந்தப் பக்கம் அதிகம் போகல. பிஎம்டபிள்யூ 2002 டர்போ 1973ல வந்துச்சு, கூடவே எண்ணெய் நெருக்கடியும் வந்துச்சு. 1,672 காரோட கடை மூடியாச்சு. 1977ல ரெனோ, ஃபார்முலா ஒன் ரேஸுக்கு டர்போ காரைக் கொண்டு வந்தப்போ, அது அடிக்கடி புகை விட்டு நின்னதைப் பாத்து 'மஞ்சள் டீ கெட்டில்'னு கிண்டல் பண்ணாங்க. ரெண்டே வருஷத்துல, 1979ல, டிஜோன்ல அதே கம்பெனி டர்போ காரோட ஜெயிச்சுது. அதே 1977ல சுவீடன்ல சாப் கம்பெனி 99 டர்போவைக் காட்டுச்சு. சின்ன டர்போ, தேவைக்கு மேல வர்ற புகையைத் திருப்பி விட ஒரு வேஸ்ட்கேட். டர்போவைத் தினசரி ஓட்டுற வண்டிக்குப் பழக்கினதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

1980கள்ல அடுத்த பழி. ஹைவேயில விரட்டிட்டு வந்து டக்குனு சாவியைத் திருப்பினா, எண்ணெய் பம்ப்பு நின்னுடும். டர்போ சூடு மட்டும் நிக்காது. பேரிங்ல தங்கின எண்ணெய் கருகிக் கரியாகும். கொஞ்சம் கொஞ்சமா வழி அடைச்சு, பேரிங் தேஞ்சு, எண்ணெய் கசியும். "டர்போ வண்டின்னாலே செலவு"ங்கற பேச்சு வந்தது இப்படித்தான். பேரிங்கைச் சுத்தி இன்ஜின் கூலன்ட் ஓடுற மாதிரி கூடு செஞ்சு, நல்ல எண்ணெயும் வந்த பிறகு இது நெறைய குறைஞ்சுது. டர்போ வண்டியை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்கன்னு பெரியவங்க சொல்றது அந்தக் காலத்துப் பாடம்.

இன்னொரு கதையும் இதுல வந்து சேருது. எந்த இன்ஜின்லயும் பிஸ்டன் ஓரமா கொஞ்சம் வாயு கீழ இறங்கி க்ராங்க் கேஸுக்குள்ள போகும். அது வெளிய போயே ஆகணும். பழைய வண்டிகள்ல ஒரு குழாயைத் தரையைப் பாக்க விட்டிருந்தாங்க, வாயு நேரா ரோட்டுக்கு. 1950கள்ல லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்துக்கு வண்டிப் புகையும் ஒரு முக்கியக் காரணம்னு ஹாகன்-ஸ்மிட்ங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்சாரு. 1960களோட தொடக்கத்துல கலிஃபோர்னியா, அந்த வாயுவை இன்ஜினே திரும்பக் குடிக்கணும்னு சட்டம் போட்டுச்சு. காத்துக்கு நல்லது. ஆனா அன்னியிலேர்ந்து அந்த ஒரு ஹோஸ் அடைச்சா, இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

இப்ப ரெண்டு கதையையும் சேத்துப் பாருங்க. டர்போ எண்ணெய் "தானா" வழிஞ்சு சம்ப்புக்கு இறங்கணும். க்ராங்க் கேஸ்ல அழுத்தம் ஏறினா அது இறங்காது, மேலயே தேங்கும். டர்போ தண்டுல இருக்குற சீல், பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன வளையம்தான். எண்ணெயைக் கட்டி நிறுத்தறதுக்கு ரப்பரெல்லாம் கிடையாது, ரெண்டு பக்கத்து அழுத்தத்தை நம்பித்தான் அது இருக்கு. தேங்கின எண்ணெய் அதைத் தாண்டிடும். டர்போ ஒழுகுது, ஆனா டர்போ கெடல!

இதை மனசுல வெச்சுக்கிட்டு, ஆபீஸ் நண்பன் சொன்ன பாடி பட்டறைக்குப் போனேன். அங்க இருந்த அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும். கதையெல்லாம் அவர் கேக்கல. முதல்ல இன்ஜினைக் கழுவினாரு. காய வெச்சு, சந்தேகப்பட்ட இடத்துல எல்லாம் முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவினாரு. அரை மணி நேரம் ஓட்டிட்டு வரச் சொன்னாரு. "ஓடுற காத்து எண்ணெயைப் பின்னாடியும் கீழயும் இழுத்துட்டுப் போயிடும் தம்பி. சொட்டுற இடத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. நனைஞ்சதுல எது உசரத்துல இருக்கோ, எது முன்னால இருக்கோ, அதைப் பாக்கணும்."

பவுடர் நனைஞ்ச இடம் ரெண்டு. டர்போவுக்கு எண்ணெய் கொண்டு போற பைப்போட பேஞ்சோ போல்ட்டுல இருந்த காப்பர் வாஷர், முன்னாடி யாரோ பழசையே திரும்பப் போட்டிருக்காங்க. ரெண்டாவது, டர்போவுல இருந்து காத்து போற ஹோஸோட மூட்டு. இன்ஜின் ஐடில்ல ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அப்படியே ஓட்டை மேல வெச்சாரு. மூடி டான்ஸ் ஆடி எகிறி விழுந்துச்சு. "டீசல்ல லேசா புஸ்ஸுன்னு வரத்தான் செய்யும். இது ஜாஸ்தி." ப்ரீத்தர் ஹோஸைக் கழட்டினா உள்ள கறுப்பு அல்வா!

கடைசியா டர்போவோட ஹோஸைக் கழட்டி, சக்கரத்தை விரலால ஆட்டிக் காட்டினாரு. "சைடுல லேசா ஆடும், எண்ணெய் இல்லாம நிக்கும்போது அப்படித்தான். முன்ன பின்ன இழுத்தா ஆடக்கூடாது, கூட்டுல உரசக் கூடாது. உங்களது நல்லா இருக்கு." பழைய வேலையில டர்போ பைப்புல கேஸ்கெட் பேஸ்ட் பூசியிருந்ததையும் சுரண்டி எடுத்தாரு. அது பிஞ்சு உள்ள போனா எண்ணெய் வழியை அடைச்சு, அப்பதான் டர்போ நெஜமாவே போயிடுமாம்.

புது ப்ரீத்தர் ஹோஸ், ரெண்டு காப்பர் வாஷர், ஒரு கிளாம்ப், ஆயில் செப்பரேட்டர் க்ளீனிங். கூலியோட சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. திரும்ப மூடியைத் திறந்து வெச்சோம், அசையாம உக்காந்துச்சு. நாலு மாசம் ஆச்சு, பார்க்கிங் தரை காஞ்சு கிடக்கு.

எல்லா டர்போவும் அப்பாவின்னு சொல்ல வரல. தண்டு ஆடினா, சக்கரம் உரசினா மாத்தித்தான் ஆகணும். ஆனா கழுவாம, மூடியைத் திறந்து பாக்காம, ப்ரீத்தரைக் கழட்டாம "டர்போ போச்சு"ன்னு யாராவது சொன்னா, 1965ல ஜெட்ஃபயருக்குப் பண்ணின அதே வைத்தியம்தான் அது. புது டர்போ மாட்டியிருந்தாலும் அடைச்ச ஹோஸ் அப்படியேதான் இருந்திருக்கும். அதுவும் ஒழுகியிருக்கும்.

அப்பாவுக்குப் போன மாசம் ஆபரேஷன் முடிஞ்சுது. இப்ப பேப்பர்ல ராசிபலனைக் கண்ணாடி இல்லாம படிச்சுட்டு, "உனக்கு இந்த வாரம் வாகனச் செலவுன்னு போட்டிருக்குடா"ங்கறாரு. அவ்வ்வ்வ்...