"கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்": ஒரு வயிற்றுக்குத்தின் வரலாறு

2017 டிசம்பரில், கன்பெராவில், அவுஸ்திரேலியாவின் சுகாதார அமைச்சர் கிரெக் ஹன்ட் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயோடு வாழும் பெண்களுக்கு நாடு முன்னரே செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்பதற்காக அந்த மன்னிப்பு. ஒரு நோய்க்காக ஓர் அமைச்சர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எனக்கும் அந்த நோய் இருக்கிறது. 14 வயதில் தொடங்கிய வலிக்கு 23 வயதில், மெல்பேர்னில் நடந்த ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் பெயர் கிடைத்தது. இடைப்பட்ட ஒன்பது வருடமும் வீட்டில் அதற்கு "வயிற்றுக்குத்து" என்றுதான் பெயர். பெரிய பிள்ளையானபோது மண்டபம் எடுத்து, சேலை கட்டி, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் சாமத்திய வீடு செய்தார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் வந்த வலியைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அம்மம்மா மட்டும் சொல்லுவா: "கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்."

இது எங்கள் ஆட்களின் பழைய கதை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். வரலாற்றைப் படித்தால் வேறு விதமாகத் தெரிகிறது.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம். கருப்பையின் உட்புறத்தில் ஒரு படலம் இருக்கிறது. மாதவிடாயில் கழிந்து வெளியேறுவது அதுதான். அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ குடலிலோ சிறுநீர்ப்பையிலோ வயிற்றின் உட்சுவரிலோ வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். அந்த இடங்கள் அழற்சியடையும், தழும்பாகும், சில வேளை உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மாதவிடாய் நாளில் மட்டுமில்லாமல் மலசலம் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் வலிக்கலாம். சிலருக்குக் குழந்தை தங்குவதும் கடினமாகலாம்.

1860இல் வியன்னாவில் கார்ல் ரொக்கிடான்ஸ்கி என்ற மருத்துவர் இப்படிப்பட்ட திசுவைப் பற்றி எழுதினார். 1920களில் அமெரிக்காவின் அல்பனி நகரைச் சேர்ந்த ஜோன் சாம்ப்சன் இந்த நோய்க்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். மாதவிடாய் இரத்தம் கொஞ்சம் பின்புறமாக, பலோப்பியன் குழாய்கள் வழியே வயிற்றுக்குள் போவதால் நோய் வருகிறது என்று அவர் விளக்கினார். இரத்தம் அப்படிப் பின்னால் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. ஆனால் நோய் சிலருக்கு மட்டுமே வருகிறது. அதனால் அவருடைய விளக்கம் மட்டும் போதாது.

இனி அம்மம்மாவுக்கு வருவோம். 1940களில் பொஸ்டன் நகரில் ஜோ வின்சென்ட் மீக்ஸ் என்ற பெயர்பெற்ற மகப்பேற்று மருத்துவர் இருந்தார். பெண்கள் பிந்திக் கலியாணம் செய்வதாலும் பிந்திப் பிள்ளை பெறுவதாலும் இந்த நோய் வருகிறது என்றும், வேளைக்குக் கலியாணம் செய்து பிள்ளை பெறுவதே மருந்து என்றும் அவர் மருத்துவ இதழ்களில் எழுதினார். பிறகு இதற்கு "வேலைக்குப் போகும் பெண்களின் நோய்" என்றே ஒரு பட்டப்பெயர் வந்தது. அம்மம்மா சமையலறையில் சொன்னதை அவர் மருத்துவ இதழில் சொன்னார். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி குறைவது உண்மை. ஆனால் கர்ப்பம் நோயைக் குணப்படுத்தாது என்பது இன்றைக்குத் தெரியும்.

இன்னொரு தவறும் நடந்தது. இது வசதியான வெள்ளைக்காரப் பெண்களின் நோய் என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1976இல் சிகாகோவின் டொனால்ட் சாட்மன் கறுப்பினப் பெண்களிடமும் இது இருப்பதையும், பலருக்கு அதை இடுப்புக்குழித் தொற்று என்று பிழையாகச் சொல்லிவிட்டதையும் காட்டினார். மண்ணிறத் தோலோடு ஒரு மருத்துவர் முன்னால் இருக்கும் எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

அவுஸ்திரேலியாவில் இந்தக் கதையை மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் நோயாளிகளே. லொரேன் ஹென்டர்சனும் ரோஸ் வுட்டும் சாதாரணப் பெண்களுக்கு விளங்கும்படி இந்த நோயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். சிட்னியில் சில் ஃப்ரீட்மன் என்ற இளம் பெண்ணும் அவருடைய தாய் லெஸ்லியும் சேர்ந்து எண்டோஅக்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் கிடைத்த விசான் என்ற குளிசை இங்கே கிடைக்கவில்லை. அதைக் கொண்டுவரச் சொல்லி சில் தொடங்கிய மனுவில் 70,000க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். மருந்து வந்தது. ஒரு தாயும் மகளும் இதைப் பற்றி வெளியில் கதைத்ததால் நடந்தது அது.

2018 ஜூலையில் எண்டோமெட்ரியோசிஸுக்கான தேசியச் செயற்திட்டம் வெளியானது. பிறகு நாடு முழுவதும் எண்டோமெட்ரியோசிஸ், இடுப்பு வலி கிளினிக்குகள் திறக்கப்பட்டன. 2024 டிசம்பரில் விசான் அரச மானியப் பட்டியலில் சேர்ந்தது. 2025 ஜூலையிலிருந்து பெண்நோய் நிபுணரோடு 45 நிமிடமோ அதற்கு மேலோ கதைக்க மெடிகேர் கூடுதலாகப் பணம் கொடுக்கிறது. 2023இல் வெளியான அரச கணக்குப்படி, 1973 முதல் 1978 வரை பிறந்த அவுஸ்திரேலியப் பெண்களில் 44 முதல் 49 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வகுப்பில் பதினான்கு பெண் பிள்ளைகள் இருந்தோம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முழுதாகக் குணமாக்கும் சிகிச்சை இன்னும் இல்லை. வலி மாத்திரை, ஹோர்மோன் குளிசை, கருப்பைக்குள் வைக்கும் மிரேனா, இடுப்புத் தசைக்கான பிசியோதெரபி, லப்பரஸ்கோப்பிச் சத்திரசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 39 பெண்களுக்கு லப்பரஸ்கோப்பி செய்தார்கள். முதல் தடவையே திசுவை வெட்டி எடுத்தவர்களில் 80 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் சுகம் கண்டார்கள். பார்த்துவிட்டு மட்டும் மூடியவர்களில் 32 சதவீதத்தினர்தான் சுகம் கண்டார்கள். அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் ஜேசன் அபட் பின்னர் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். எனக்கும் வெட்டி எடுத்தார்கள். இரண்டு வருடம் நன்றாக இருந்தேன். இப்போது சில மாதங்களில் வலி திரும்ப வருகிறது. குளிசையும் பிசியோவும் சூட்டுப் பையுமாகச் சமாளிக்கிறேன். ஆனால் இன்றைக்கு நான் வேலைக்கு லீவு கேட்கும்போது காரணத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

தங்கச்சிமாரே, உங்களுக்கு மூன்று விஷயம். பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாத அளவு மாதவிடாய் வலி என்றால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய வலி. ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவாகாது. வலி வந்த நாட்களைப் போனில் குறித்து வைத்து, அதை ஜிபியிடம் காட்டுங்கள். 15 வயதானால் உங்கள் பெயரிலேயே மெடிகேர் அட்டை எடுக்கலாம். ஆனால் முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தடை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம்.

தம்பிமாரே, இதை இவ்வளவு தூரம் வாசித்திருந்தால் நன்றி. உங்கள் அக்கா படுத்திருந்தால் என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

அம்மம்மாவுக்கு நான் மீக்ஸின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் ஐந்து பிள்ளை பிறந்த பிறகும் அந்தக் குத்து நிற்கவில்லை என்றா.