தளர்ச்சி குடிபெயர்ந்த கதை: பாய்மரக் கட்டமைப்பில் இரு நூற்றாண்டு மாற்றங்கள்

1937ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாத் அயர்ன் ஒர்க்ஸ் கட்டி இறக்கிய 'ரேஞ்சர்' என்ற பந்தயப் படகைத் தெற்கே நியூபோர்ட்டுக்கு இழுத்துச் சென்றார்கள். அதன் பாய்மரம் 165 அடி உயரம். டியூராலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனது. அதை இருபுறமும் பிடித்து நிறுத்தியவை முறுக்கிய கம்பிவடங்கள் அல்ல, அன்றைக்குப் புதுமையான திண்ணிய எஃகுத் தண்டுகள். பாய் எதுவும் விரித்திருக்கவில்லை. அலையில் படகு ஆடிய ஆட்டத்தில் மேல்தண்டு ஒன்று தன் இணைப்பிலிருந்து கழன்றது. சற்று நேரத்தில் மரமே கடலில் விழுந்தது. புது மரம் பூட்டி அந்தக் கோடையிலேயே 'ரேஞ்சர்' அமெரிக்கா கோப்பையை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது, எஃகு அறவில்லை, அதைப் பிடித்திருந்த முனைதான் விட்டுக்கொடுத்தது என்பது.

பாய்மரக் கட்டமைப்பின் வரலாற்றை வழக்கமாகப் பொருள்களின் வரிசையாகச் சொல்வார்கள்: நார், இரும்புக் கம்பி, துருப்பிடிக்காத எஃகு, செயற்கை இழை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட வலியது என்பதால் இது முன்னேற்றத்தின் நேர்கோடாகத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலிமை கூடிய ஒவ்வொரு முறையும் தளர்ச்சி ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியது. கயிற்றிலிருந்து முனைக்கும், முனையிலிருந்து மேல்தளத்துக்கும் அது குடிபெயர்ந்தது. அப்படிப் பெயர்ந்தபோதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது குறைந்துகொண்டே வந்தது. படகைப் 'புதுப்பித்தல்' என்ற வேலையின் பொருள் மாறிப்போனது இதனால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நார். 1800 வாக்கில் ஐரோப்பியப் போர்க்கப்பல்களின் கயிறு பெரும்பாலும் ஹெம்ப் நாரால் ஆனது. நம் சாக்குப்பைச் சணல் அல்ல இது. கஞ்சா இனத்துச் செடியின் நார். பிரிட்டன் அதைப் பால்டிக் துறைமுகங்கள் வழியே ரஷ்யாவிலிருந்து தருவித்தது. நெல்சனின் 'விக்டரி' கப்பலில் மட்டும் ஏறத்தாழ 26 மைல் நீளக் கயிறு இருந்ததாகக் கணக்கு. ஹெம்ப் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தொய்யும். ஆகவே பாய்மரத்தின் பக்கக் கயிறுகளை அடிக்கடி இறுக்கியும் தளர்த்தியும் ஆகவேண்டும். அதற்கான கருவி மிக எளியது: தடித்த வட்ட மரக்கட்டையில் மூன்று துளைகள். தேங்காயின் முக்கண்ணை நினைத்துக்கொண்டால் போதும். ஆங்கிலேய மாலுமிகளோ அதில் மண்டையோட்டைக் கண்டு 'செத்தவன் கண்' என்று பெயரிட்டார்கள். கயிற்றின் நுனியில் ஒரு கட்டை, கப்பலின் விலாவில் ஒரு கட்டை. இரண்டுக்கும் நடுவே துளைகளில் மாறிமாறி ஓடும் ஒரு சிறு கயிறு. அதை இழுத்துக் கட்டினால் முழுக் கட்டமைப்பும் இறுகும்.

நார்க்கயிற்றுக்குச் செய்த பாதுகாப்பும் கைவேலைதான். முறுக்குகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் மெல்லிய நூலை ஓட்டி நிரப்புவார்கள். அதன் மேல் தார் பூசிய கித்தான் துணி. அதற்கும் மேலே நெருக்கமாக நூல் சுற்று. எங்கே தேய்ந்தாலும் மேலுறை முதலில் பிய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தளர்ச்சி எல்லா இடத்திலும் இருந்தது, எல்லாருக்கும் தெரிந்தது. புதுப்பித்தல் என்ற தனி வேலையே அங்கு இல்லை எனலாம். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டது.

இந்த இடத்தில் நம் கரையை ஒருகணம் நினைக்கத் தோன்றுகிறது. தென்னை நாரைக் குறிக்கும் 'காயர்' என்ற ஐரோப்பியச் சொல், தமிழ், மலையாளக் கரைகளின் கயிறிலிருந்து போனது. தென்னங்கயிறு உப்புநீருக்கு அஞ்சாது, மிதக்கும்; ஆனால் இழுத்தால் நீளும். நங்கூர வடத்துக்கு அந்த நெகிழ்வு வரம். உயரமான மரத்தை அசையாமல் நிறுத்த அதே நெகிழ்வு குறை. கயிற்றின் குணம் நல்லதா கெட்டதா என்பது அது செய்யும் வேலையைப் பொறுத்தது. இந்த வரலாறு நெடுகிலும் இதைக் காணலாம்.

கட்டமைப்பின் உறுப்புகளில், கயிறு ஓடும் கப்பிகள்தாம் முதலில் தொழிற்சாலைக்குப் போயின. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கப்பிகள் தேவைப்பட்டன. மார்க் இசம்பார்ட் புரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்துதந்த 45 இயந்திரங்கள் போர்ட்ஸ்மத்தில் நிறுவப்பட்டன. 1808இல் அவை ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளைச் செய்தன. ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கும் உதிரிப் பொருள் கப்பலுக்குள் நுழைந்தது அப்போதுதான். பழையதைச் சீர்செய்யாமல் கழற்றி வீசிவிட்டுப் புதியதை மாட்டும் பழக்கத்துக்கு வித்து இதுதான் என்று கருதுகிறேன். ஆனால் கயிற்றில் அந்தப் பழக்கம் வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

கம்பிவடம் கடலில் பிறக்கவில்லை, சுரங்கத்தில் பிறந்தது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில், கிளவுஸ்தாலில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட்டுக்குச் சங்கிலிகள் பெரும் தலைவலி. ஒரே ஒரு கண்ணி போனால் முழுப் பாரமும் எச்சரிக்கை இல்லாமல் கீழே போகும். 1834இல் அவர் நான்கு நான்கு இரும்புக் கம்பிகளை மூன்று புரிகளாக முறுக்கி வடம் செய்தார். அதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும்; அறுந்த நுனி வெளியே நீட்டிக்கொண்டு ஆபத்தைச் சொல்லும். ஆக, கம்பிவடத்தின் முதல் பெருமை வலிமை மட்டுமல்ல, முன்கூட்டியே எச்சரிக்கும் குணமும்தான். பின்னால் அதற்கு நேர்ந்ததைப் பார்க்கும்போது இதை மறக்கக்கூடாது.

அடுத்த சில ஆண்டுகளில் ஆண்ட்ரூ ஸ்மித்தும் ராபர்ட் ஸ்டெர்லிங் நியூவலும் பிரிட்டனில் கம்பிவடக் காப்புரிமைகள் பெற்றார்கள். கப்பல்காரர்கள் தயங்கித் தயங்கியே ஏற்றார்கள். 1869இல் டம்பார்ட்டனில் இறக்கப்பட்ட தேயிலைக் கப்பல் 'கட்டி சார்க்' அந்த இடைக்காலத்தின் நல்ல சாட்சி. அதன் கீழ்மரங்கள் இரும்பு. பக்க வடங்கள் கம்பி. ஆனால் அந்தக் கம்பிவடங்களின் அடியில் அதே முக்கண் கட்டைகள், அதே நார்க்கயிற்றுப் பின்னல்! பழமை மோகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நீளாத கம்பிக்கும் விறைத்த இரும்பு மரத்துக்கும் நடுவே கொஞ்சம் நெகிழும் ஒரு துண்டை வைத்தார்கள். முதலில் தேய்வது அந்த மலிவான, கைக்கெட்டும் கயிறாகவே இருந்தது. தளர்ச்சி எங்கே உட்கார வேண்டும் என்பதை மனிதன் தீர்மானித்த கடைசிக் காலம் அது என்றுகூடச் சொல்லலாம். ('விக்டரி'யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு போர்க்கப்பலின் இரும்பு மரங்களைக் கடன் வாங்கிக்கொண்டது. நார்க்கயிற்றுக் காலத்தின் சின்னமாக நாம் வணங்கும் கப்பல் நெடுங்காலம் இரும்புக் காலில் நின்றது.)

பிறகு டர்ன்பக்கிள் வந்தது: இருபுறமும் எதிரெதிர் மரையிட்ட, திருகி இறுக்கும் உலோகத் துண்டு. நார்ப்பின்னல் போயிற்று. கம்பியிலிருந்து கப்பலின் உடல்வரை ஒரே விறைப்பு. அந்த விறைப்பைத்தான் பந்தயக்காரர்கள் விரும்பினார்கள். நத்தானியல் ஹெரஷாஃப் 1903இல் வடிவமைத்த 'ரிலையன்ஸ்' படகின் மேல்மரம் எஃகுக் கீழ்மரத்தின் குழலுக்குள்ளேயே இறங்கி ஒடுங்கும். கயிறிழுக்கும் வின்ச்சுகள் தளத்துக்குக் கீழே ஒளிந்திருந்தன. 1920களில் ஒரே நீள்மரத்தில் முக்கோணப் பாய் ஏற்றும் முறை பரவியது. மெலிந்த உயர மரம், அதைத் தாங்க ஏராளமான கம்பிகள். மார்கோனியின் வானொலிக் கோபுரங்களைப்போல் இருந்ததால் அதற்கு 'மார்கோனி' என்றே பெயர். ஸ்டார்லிங் பர்கஸ் 1930இல் 'என்டர்பிரைஸ்' படகுக்குத் தகடுகளை ரிவெட் அடித்து டியூராலுமின் மரம் செய்தார். ஏழு ஆண்டுகளில் 'ரேஞ்சர்'. மரம் விழுந்த அந்தப் பயணத்தில் ஒற்றை இணைப்பை நம்பியே எல்லாம் நின்றது. சங்கிலியின் ஒற்றைக் கண்ணியைக் கண்டு ஆல்பர்ட் அஞ்சிய அதே நிலை.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் சாதாரண உல்லாசப் படகுகளுக்கும் துருப்பிடிக்காத எஃகு வந்தது. நம் வீடுகளில் அதற்கு எவர்சில்வர் என்று பெயர். அந்தப் பெயர் தரும் வாக்குறுதியைத்தான் படகுக்காரர்களும் நம்பினார்கள். இந்த எஃகைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய குரோமிய ஆக்சைடுப் படலம். அப்படலம் நிலைக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். திறந்த காற்றில் பளபளக்கும் அதே எஃகு, உப்புநீர் தேங்கிய இடுக்கில் மூச்சுத்திணறி உள்ளுக்குள் அரிபடும். அப்படிப்பட்ட இடுக்குகளைப் புதிய கட்டமைப்பு தானே உண்டாக்கியது. பத்தொன்பது கம்பிகளை ஒன்றாக முறுக்கிய வடத்தின் நுனியை ஓர் எஃகுக் குழாய்க்குள் செருகி, இயந்திரத்தால் நசுக்கி ஒட்டவைப்பது வழக்கமாயிற்று. வடத்தின் கீழ்முனையில் அந்தக் குழாய் வாய் மேல்நோக்கிய கிண்ணம். வழிந்து வரும் உப்புநீரெல்லாம் அதில்தான் தங்கும். வெப்பக் கடல்களில் நிலைமை இன்னும் மோசம். அறுந்த கம்பி நீட்டிக்கொண்டு எச்சரிக்கும் என்ற ஆல்பர்ட்டின் நம்பிக்கை அந்தக் குழாய்க்குள் அடங்கிப்போயிற்று.

1960களில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபோது தளர்ச்சி இன்னொரு படி கீழே இறங்கியது. எடையைக் குறைக்க, மேல்தளத்தை இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துச் செய்தார்கள். வின்ச், கயிறு கட்டும் குமிழ், கப்பித் தண்டவாளம் என ஒவ்வொன்றுக்கும் அந்தத் தளத்தில் துளை போட்டார்கள். துளையைச் சுற்றிப் பூசிய பசை முதுமையில் விட்டதும் நீர் இறங்கும், நடுப்பலகை சாணிபோல் மெத்தென்றாகும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பாய்மர வடங்களைப் படகின் உடலோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகளும் இதே தளத்தைத் துளைத்துத்தான் இறங்குகின்றன. துளைக்குள் மறைந்த அந்த ஓரங்குல நீளத்தைப் படகைப் பிரிக்காமல் பார்க்க வழியில்லை. தளத்தில் துளைக்கு வேண்டியதைவிடப் பெரிதாகக் குடைந்து, எப்பாக்ஸி ஊற்றி இறுகவிட்டு, அதன் நடுவே சிறு துளை போடுவது இன்று நல்ல தொழிலாளியின் வழக்கம். நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நாள்காட்டிதான் மருத்துவம். பத்து ஆண்டு ஆனதா, வடங்களையெல்லாம் மாற்று என்ற பொதுவிதி படகுக்காரர்களிடமும் காப்பீட்டுக்காரர்களிடமும் வேரூன்றியது இப்படித்தான். நாள்தோறும் நடந்த பராமரிப்பு, கிரேன் வைத்து மரத்தை இறக்கிப் பெருஞ்செலவில் செய்யும் விழாவாக மாறியது.

இந்தப் போக்குக்கு எதிராக நின்றவர் பிரெஞ்சு மாலுமி பெர்னார் மொய்தெசியே. 1968இல் நிற்காமல் தனியே உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் அவர் இறக்கிய 'ஜோஷுவா' எஃகுப் படகின் பாய்மரங்கள் தொலைபேசிக் கம்பங்கள். நன்னம்பிக்கை முனைக்கருகே ஒரு சரக்குக் கப்பலோடு உரசி அணியத்து நீட்டுமரம் வளைந்துபோனபோது, துறைமுகத்துக்குப் போகாமல் கப்பியும் கயிறும் பூட்டிக் கடலிலேயே அதை நிமிர்த்தினார். பந்தய வேகத்துக்கு உகந்த படகல்ல அது. ஆனால் எது கெட்டாலும் அவர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

கடைசித் திருப்பம் நெதர்லாந்திலிருந்து வந்தது. டி.எஸ்.எம். நிறுவன ஆய்வாளர்கள் 1970களின் இறுதியில் மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலித்தீனை இழையாக நூற்கும் வழியைக் கண்டார்கள். டைனீமா என்ற பெயரில் சந்தைக்கு வந்த அந்த இழை, ஒரே எடைக்கு எஃகைவிடப் பலமடங்கு வலியது, தண்ணீரில் மிதக்கும். ஆனால் இடைவிடாத இழுப்பில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். எனவே அறுபடாமலிருக்கத் தேவையான பருமனைவிட, நீளாமலிருக்கத் தேவையான பருமனுக்கு அதை எடுக்கிறார்கள். அதன் முனையை நசுக்கி ஒட்ட முடியாது. மாலுமி தன் கையால் பின்னிச் செருக வேண்டும். நீட்சியை அவ்வப்போது வாங்க, அடியில் இறுக்கும் ஏற்பாடு வேண்டும். அதற்காக இன்று விற்கும் அலுமினியத் துண்டுகளைப் பார்த்தால் சிரிப்பு வரும்: பள்ளமிட்ட வட்டங்கள், அவற்றுக்கிடையே மாறிமாறி ஓடும் சிறு கயிறு. முக்கண் கட்டை உலோகமாகித் திரும்பியிருக்கிறது. உராய்ந்த இடத்தில் இழை பஞ்சாகப் பூத்துக் காட்டுகிறது. ஒரு கத்தியும் ஊசியும் இருந்தால் நடுக்கடலில் மாற்றிவிடலாம்.

அந்தச் சிறு கயிற்றின் கீழ்நுனி மட்டும் இன்னும் பழைய எஃகுப் பட்டையில்தான் கட்டப்படுகிறது. புதுக்கயிறு பூட்டித் துறையில் நிற்கும் பல படகுகளில், தளத்துக்குள் மறைந்த அந்த ஓரங்குலம் படகு பிறந்த நாளிலிருந்து வெளிச்சம் கண்டதில்லை.